கதவில்லாத நீர்மூழ்கி

பிள்ளைகள்,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கபிலன் என்னை நக்கலடித்தான். "அப்பா காலமை எழும்பினவுடன என்ன செய்யிறவர் தெரியுமோ? ஒவ்வொரு கதவாத் தட்டி 'இருக்கிறியோ?' எண்டு கேக்கிறார். இந்தப் பிக்கரிங் வீட்டில இருந்து இரவோட இரவா நாங்கள் எங்க ஓடப்போறம்?"

தர்ஷினி விடுவாளா? "இரவு கதவைச் சாத்தாமப் படுத்தாலும் ஏச்சு. காலமை சாத்தின கதவுக்குள்ளால மறுமொழி சொல்லாட்டிலும் ஏச்சு. அப்பா, யூ ஹாவ் டு பிக் வன்."

அம்மா சிரித்தா. நானும் சேர்ந்து சிரித்துவிட்டுக் கோப்பையைக் கழுவ எழும்பிவிட்டேன். வாயால் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் வேலை செய்த முதியோர் நேர்சிங் ஹோமை இடிக்கிறார்களாம். அங்கே துணி தோய்க்கிற லோன்றியில் வேலை செய்த இராசன் அண்ணை ரெலிபோனில் சொன்னார். புதுக் கட்டடத்தில் ஒவ்வொரு கதவுக்கு மேலும் சின்ன லைற் ஒன்று வருமாம், உள்ளே ஆள் இருக்கா இல்லையா என்று அதுவே காட்டுமாம். "உன்ர மிஸிஸ் கிளார்க்குக்கு அப்பவே உது கிடைச்சிருக்கவேணும்," என்றார்.

நாங்கள் கனடாவுக்கு வந்த புதிதில், ரொறொன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கிழமைக்கு இரண்டு தரம் யாரோ கறி தாளிக்க ஃபயர் அலாரம் அடிக்கும், ஒருவரும் எழும்பமாட்டோம். அந்தக் காலத்தில்தான் நான் நேர்ஸ் எய்ட் கோர்ஸ் முடித்தேன். ஊரில் சங்கக் கடையில் அரிசி நிறுத்தவனுக்கு, கிழவர்களைத் தூக்கவும் புரட்டவும் குளிப்பாட்டவும் படிப்பித்தார்கள். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. என்ரை முதுகு இன்றைக்கு இப்படி இருப்பதற்கு அங்கே படித்ததை நான் சரியாகக் கேட்காததும் ஒரு காரணம் என்று டொக்டர் சொல்கிறார்.

வேலையை உண்மையில் படிப்பித்தது மிஸிஸ் கிளார்க். அவ எங்கள் மாடியின் தலைமை நேர்ஸ், யமேக்காவில் பிறந்தவ. உயரமான மனுசி. சப்பாத்துச் சத்தம் கேட்காமல் நடப்பா. கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் பதியும். கட்டிலின் பக்கக் கம்பியை நாங்கள் ஏற்றிவிட்டுப் போனால், பின்னால் வந்து ஒருக்கால் ஆட்டிப் பார்ப்பா. "ஏற்றினாய் என்று சொல்லாதே, ஆட்டிப் பார்த்தேன் என்று சொல்லு." அவ கதைத்தது இங்கிலீஸ். இந்தக் கடிதத்தில் எல்லாருடைய இங்கிலீசையும் என்ரை காதில் விழுந்தமாதிரித் தமிழில் எழுதுகிறேன்.

அவ எங்களுக்கு உருப்போட்டுத் தந்த ஒன்றுதான் தலையணைச் சட்டம். அலாரம் அடித்தால் அறைக்குள் போகவேணும். ஆள் இருந்தால் வெளியே கொண்டுவந்து, நடைபாதையில் புகையை மறிக்கிற நெருப்புக் கதவுக்கு அங்கால் விடவேணும். குளியலறையையும் கட்டிலுக்குக் கீழும் பார்க்கவேணும். பிறகு கட்டிலில் இருக்கிற தலையணையை எடுத்துக்கொண்டு வந்து, கதவைச் சாத்தி, கதவின் முன்னால் நிலத்தில் போடவேணும். புகையில் நிற்கிற ஒருவருக்கு எழுத்து வாசிக்கமுடியாது. காலில் தலையணை தட்டுப்பட்டால் போதும்: இந்த அறை பார்த்தாயிற்று, உள்ளே ஒருவரும் இல்லை, அடுத்த அறைக்குப் போ. மாதம் ஒருதரம் ஒத்திகை நடக்கும். ஒருமுறை ஒரு பெடியன் உள்ளே பார்க்காமலே தலையணையைப் போட்டுவிட்டான். மிஸிஸ் கிளார்க் அவனைக் கூப்பிட்டு, "தலையணை பொய் சொல்லக்கூடாது," என்று மட்டும் சொன்னா. அவன் அழுதே விட்டான்.

இந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்டின ஒரே ஆள் மிஸ்டர் வோல்ற்றர்.

இங்கிலாந்துக்காரர். தொண்ணூறைத் தாண்டிவிட்டார். மெலிந்து, காது மட்டும் பெரிதாக, உப்புக் கண்டம்போல வற்றின உடம்பு. வோக்கரைப் பிடித்து நாலு எட்டு வைப்பார், அதுக்குமேல் ஏலாது. இளவயதில் கடற்படையில் இருந்து, பிறகு ரொறொன்ரோவுக்கு வந்து, தெருத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீட்கார் ஓட்டினவர். மனைவி இல்லை. மகள் மேற்கே எங்கேயோ இருந்தா, நத்தார்ப் பண்டிகைக்குப் பூ வரும். அவருடைய அறைக்கதவு பாரமானது, தானே போய்ச் சாத்திக்கொள்கிற விதமாகச் சுருள்கம்பி வைத்தது. அது சாத்தினால் அவருக்கு மூச்சு எடுக்க முடியாது. சத்தம் போடமாட்டார், வியர்த்துக்கொண்டு கிடப்பார். அதனால் கதவு சாத்தாமல் இருக்கத் தன் தலையணையை மடித்து இடுக்கில் வைத்துவிடுவார்.

மிஸிஸ் கிளார்க் வந்து எடுப்பா. அவர் திரும்ப வைப்பார். செருப்பை வைத்துப் பார்க்கச் சொன்னோம். கதவு செருப்பைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாத்தியது. மரக்கட்டை வைக்க ஃபயர் சட்டம் விடாது.

"மிஸ்டர் வோல்ற்றர், ஒருநாளைக்கு இந்தத் தலையணையைப் பார்த்து நான் உங்களை இல்லாத ஆள் என்று எண்ணப்போறன்."

"மடம், என்னை ஏற்கெனவே ஒருக்கால் அப்படி எண்ணினவை. நான் திரும்பி வந்து எல்லாரையும் ஏமாத்திப்போட்டன்."

அவ சிரிக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதி, அந்தக் கதவுக்குக் காந்தம் பூட்டித் தரும்படி கேட்டா. அலாரம் அடிக்கும்வரை கதவைத் திறந்தபடி பிடித்திருக்கும் காந்தம் அது. நடைபாதைக் கதவுகளுக்கு இருந்தது, அறைக் கதவுக்கு இல்லை. வரும் என்றார்கள். அதுவரைக்கும், பகலில் மட்டும், அவ அந்தத் தலையணையைக் கண்டும் காணாததுமாகப் போனா. சட்டத்தில் அவ இளகினதை நான் பார்த்தது அந்த ஒரு இடத்தில்தான்.

ஏன் இந்தக் கதவுப் பயம் என்று நான் கேட்டது சவரம் எடுக்கும்போது. சவரத்தில்தான் கிழவர்கள் கதைப்பார்கள், கத்தி நிற்கிற நேரம் பார்த்து.

"நான் இருந்த நீர்மூழ்கியில கதவே இல்லை," என்றார்.

அது நீர்மூழ்கி என்ற சாமான் புதிதாக வந்த காலத்துச் சின்னப் படகு. கரையோரம் ஓடத்தான் செய்தது, நடுக்கடலுக்குப் போகாது. பேர்கூடக் கிடையாது, ஒரு எழுத்தும் இலக்கமும்தான். முதலாவது உலகச் சண்டை தொடங்கும்போதே அது பழசாம். உள்ளே ஒரே ஒரு நீளக் குழாய். முன்னால் ரோர்பிடோ, பின்னால் பெற்றோல் எஞ்சின், நடுவில் பற்றரி. தடுப்புச் சுவர் ஒன்றுமில்லை. பதினாறு பேர். முன்னால் இருக்கிறவன் இருமினால் பின்னால் எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். சாப்பாடு, நித்திரை, வாளியில் ஒண்டுக்கு இருக்கிறது எல்லாம் எல்லாரும் பார்க்கத்தான். மேற்கூரையில் மூச்சுத் தண்ணீராகி ஒழுகி, பாண் நனைந்து போகும்.

"பெற்றோல் மணம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். முதல்ல குடிச்சு வெறிச்ச மாதிரிச் சிரிப்பு வரும், பிறகு கால் மடங்கும். அதுக்குத்தான் கூட்டில வெள்ளை எலி வைச்சிருந்தம். எலி விழுந்தால் மேல போகவேணும். எலிக்குச் சம்பளமும் குடுத்தது, சீஸ்."

எனக்கு அந்த மணம் தெரியும். ஊரில் பெற்றோல் தடை நேரம் மோட்டார்சைக்கிளுக்கு நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடினோமே, அந்தப் புகை. சொன்னேன். நாங்கள் குண்டுக்குப் பயந்து வளவுக்குள் பங்கர் வெட்டின கதையும் சொன்னேன்.

"உங்கட பங்கருக்குக் கதவு இருந்ததோ?"

"இல்லை. வளைச்சு வெட்டின வாசல்தான்."

"நல்லது," என்றார், தேர்வில் நான் பாஸ் பண்ணினமாதிரி.

பிறகு பல நாட்களில், துண்டு துண்டாக, மிச்சத்தையும் சொன்னார். எதிரியின் நீர்மூழ்கிகள் மேலே வந்து மீன்பிடி றோலர்களைத் தாட்டுக்கொண்டிருந்த காலம். அதற்கு ஒரு பொறி வைத்தார்கள். ஒரு றோலர் ஒன்றும் அறியாததுபோல மீன் பிடித்துக்கொண்டு போகும். அதன் பின்னால், தண்ணீருக்கு அடியில், வடத்தில் கட்டி இழுபட்டபடி இவர்களின் படகு போகும். எதிரி மேலே வந்தால் றோலர்காரன் கீழே சொல்லவேணும். அதற்காக வடத்தோடு சேர்த்து ஒரு ரெலிபோன் கம்பி. வோல்ற்றர்தான் கீழே ரெலிபோன்காரன். அப்போது அவருக்கு உங்கள் வயது. றோலர்காரன் இடைக்கிடை "ஆர் யூ தெயர்?" என்று கேட்பான். இவர் "ஸ்டில் ஹியர்" என்று சொல்லவேணும். சாப்பிடுகிற நேரமும் அந்த இடத்தை விட்டு எழும்பக்கூடாது.

ஒருநாள் கேள்வி வரவில்லை.

வடத்தில் உரஞ்சிக் கம்பி அறுந்துவிட்டது. ஆனால் அது கீழே இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? றோலர் தாண்டு போனதோ, எதிரி வந்துவிட்டானோ, ஒன்றும் விளங்கவில்லை. கப்ரின் வடத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றுகிற கொளுக்கி இறுகிவிட்டது, அசையவில்லை. இழுபட்டுக்கொண்டே இருந்தார்கள். காற்றுக் கெட்டுக்கொண்டு வந்தது. எலிகள் விழுந்தன. எல்லாரையும் படுக்கச் சொல்லி, கதைக்க வேண்டாம், மூச்சைச் சிக்கனமாக எடுங்கோ என்றார் கப்ரின். வோல்ற்றருக்கு மட்டும் விதிவிலக்கு. செத்த ரெலிபோனில் அவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்: ஸ்டில் ஹியர், ஸ்டில் ஹியர்.

"ஆருக்குச் சொன்னீங்கள்?"

"முதல்ல றோலருக்கு. பிறகு படுத்திருந்தவைக்கு. அவை என்ர வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தவை. சுவர் இல்லைத்தானே, எல்லாற்ற கண்ணும் தெரிஞ்சது."

மறுமொழி வராததைக் கண்டு றோலர்காரன் தன் பக்கத்தில் வடத்தை வெட்டிவிட்டான். படகு மூக்குக் குத்தி இறங்கி, பிறகு எப்படியோ மேலே வந்தது. இரண்டு பேர் எழும்பவில்லை. கரையில் அதற்கிடையில் முழுப்படகையும் இல்லை என்று எழுதிவிட்டார்களாம். அதேமாதிரி இழுபட்ட இன்னொரு படகு, றோலர் தெரியாமல் கண்ணிவெடிக்கு மேலால் போனதில் வெடித்து, ஒருவரும் மிஞ்சவில்லை. இவருடைய படகு சண்டை முடியும்வரை கிடந்து, கடைசியில் இரும்புக்கு விலைப்பட்டது.

"நல்ல சாவு இல்லை அவளுக்கு," என்றார். "ஆனா ஒண்டு. அதுக்குள்ள ஒருத்தனும் தனிய இருக்கேல்லை."

அதற்குப் பிறகு காலமை அவருடைய அறைக்குப் போனால் நான் குட் மோர்னிங் சொல்வதில்லை. வாசலில் நின்று "ஆர் யூ தெயர்?" என்பேன். "ஸ்டில் ஹியர்" என்று வரும். இராசன் அண்ணை துணிவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறபோது பகிடி பண்ணுவார்: "டேய், உன்ர கப்பல் இண்டைக்கும் தாழேல்லையோ?"

இனி அந்த நாள்.

மாசிக் குளிர். மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் கீழே சாப்பாட்டு மண்டபத்தில் ஒருவருக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தேன். வோல்ற்றர் மேலே. அவர் எப்போதும் அறையில்தான் சாப்பிடுவார். லோன்றியில் துணி உலர்த்தும் மெசினுக்குள் பஞ்சு பிடித்து எரிந்தது. இராசன் அண்ணை தண்ணீர் வாளியோடு ஓடினார், ஏலவில்லை. அலாரம் அடித்தது. புகை, சுவருக்குள்ளால் போகிற குழாய் வழியே ஏறி மேல்மாடி நடைபாதையை நிறைத்தது. அந்தக் குழாய் வோல்ற்றரின் அறைச் சுவருக்குள்ளால்தான் போனது.

நாங்கள் மண்டபத்தில் இருந்தவர்களைக் கோட்டும் போர்வையும் சுற்றி வெளியே கொண்டுவந்தோம். குளிருக்கு ஒதுங்கப் பஸ் ஒன்று கொண்டுவந்து விட்டிருந்தார்கள். மேலே மிஸிஸ் கிளார்க் தன் ஆட்களோடு அறை அறையாக வெறுமையாக்கினா. மேலே நடந்தது எனக்குப் பிறகு தெரிந்தது. அவசரத்தில் யாரோ தள்ளிக்கொண்டு போன சக்கர நாற்காலி, வோல்ற்றரின் கதவிடுக்கில் இருந்த தலையணையில் கொளுவி, இழுத்து வெளியே விட்டது. தள்ளினவர் கவனிக்கவே இல்லை. கதவு தானே போய்ச் சாத்தியது. தலையணை கதவுக்கு முன்னால் கிடந்தது. மிஸிஸ் கிளார்க் புகைக்குள்ளால் குனிந்து வந்தா. காலில் தலையணை தட்டுப்பட்டது. அடுத்த அறைக்குப் போனா.

வெளியே வந்து அவ பெயர் கூப்பிட்டா. ஒவ்வொரு பெயருக்கும் நாங்கள் கை உயர்த்தி ஆளைக் காட்டவேணும். வோல்ற்றர் என்றா. ஒருவரும் கை உயர்த்தவில்லை.

"அவர் பஸ்சின் பின்பக்கம் இருப்பார். அவற்ற கதவுக்கு முன்னால தலையணை கிடந்தது. நான் பார்த்தனான்," என்றா அவ.

"மிஸிஸ் கிளார்க்," என்றேன், "அந்தத் தலையணையை வைக்கிறது அவர்தான்."

அவவின் முகத்தை நான் எழுதப்போவதில்லை. வந்து இறங்கிக்கொண்டிருந்த தீயணைப்புக்காரரிடம் ஓடினா. அவ ஓடினதை அன்றைக்குத்தான் கண்டேன்.

நான் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். முழங்கால் வரை பனி. அவருடைய யன்னல் எனக்குத் தெரியும், குளிர் காலத்திலும் கை நுழைகிற அளவு திறந்துதான் இருக்கும். அந்த இடுக்கால் மெல்லிய புகை வந்தது. கீழே நின்று அண்ணாந்து கத்தினேன்.

"ஆர் யூ தெயர்?"

சத்தமில்லை. திரும்பக் கத்தினேன்.

"ஸ்டில் ஹியர்," என்று வந்தது. மெல்லிய குரல், ஆனால் அவர்தான். "ஆரோ கதவைச் சாத்திப்போட்டாங்கள்."

"திறக்காதேங்கோ! வெளியில புகை. ஆக்கள் வருகினம்."

"எனக்கு ஏலாது. நான் திறக்கப்போறன்." வோக்கர் நிலத்தில் உரசுகிற சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில் ஒரு கிழவருக்கு என்ன சொல்வது? பயப்படாதேங்கோ என்றால் கேட்பாரா? வாயில் வந்ததைக் கத்தினேன்.

"மிஸ்டர் வோல்ற்றர்! நான் றோலரில நிக்கிறன். ரெலிபோன்காரன் எழும்பிப் போகலாமோ?"

வோக்கர் நின்றது. நெடுநேரம்போல எனக்கிருந்தது. பிறகு கட்டில் கிறீச்சிட்டது. இருந்துவிட்டார்.

"ஆர் யூ தெயர்?"

"ஸ்டில் ஹியர்."

கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இடையில் இருமல். பிறகு மறுமொழி பிந்தத் தொடங்கியது. ஒருதரம் நான் கேட்கமுதல் அவர் கேட்டார்.

"ஆர் யூ தெயர்?"

"ஓம்," என்றேன், தமிழில். பிறகுதான் நினைவு வந்து, "ஸ்டில் ஹியர், ஸ்டில் ஹியர்," என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு மேலே இருந்து ஒன்றும் வரவில்லை. கதவு உடைபடுகிற சத்தம்தான் கேட்டது.

உயிரோடுதான் தூக்கி வந்தார்கள். முகமெல்லாம் கரி. ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தொண்டைக்குள்ளால் குழாய் போட்டார்கள். கதவு சாத்தியிருந்தபடியால்தான் அவ்வளவு நேரமும் தாக்குப்பிடித்தார், திறந்திருந்தால் நடைபாதைப் புகை முழுதும் உள்ளே வந்திருக்கும் என்று தீயணைப்புக்காரர் சொன்னார். கதவு சாத்தியிருந்தபடியால்தான் அவரைத் தேடி ஒருவரும் போகவில்லை. பிள்ளைகள், இரண்டும் உண்மை. இதில் எதை முதலில் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வேலை முடிந்து நானும் மிஸிஸ் கிளார்க்கும் அவரைப் பார்க்கப் போனோம். அவருக்கு நினைவு திரும்பவில்லை. அந்த அறைக்கும் தானே சாத்துகிற கதவுதான். மிஸிஸ் கிளார்க் கொஞ்ச நேரம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு தன்னுடைய தோள்பையைக் கழற்றி, கதவிடுக்கில் நிலத்தில் வைத்தா. ஒரு நேர்ஸ் வந்து, "அது இங்கே வைக்கக்கூடாது," என்றா.

"தெரியும்," என்றா மிஸிஸ் கிளார்க். "நானும் நேர்ஸ்தான்." பையை எடுக்கவில்லை. வந்தவ அவவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டா.

நான் குனிந்து வோல்ற்றரின் காதருகே ஒருதரம் கேட்டேன். மறுமொழி இல்லை. அந்தக் கிழமை முடியமுதல் அவர் போய்விட்டார். மகளிடமிருந்து பூ வந்தது. காந்தம் அடுத்த மாதம் வந்து, வேறொருவர் படுத்திருந்த அந்த அறைக்கதவில் பூட்டினார்கள்.

விசாரணையில் மிஸிஸ் கிளார்க்கை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. தலையணை சொன்னதைத்தான் அவ வாசித்தா என்று எழுதினார்கள். ஆனால் அவவின் ஒத்திகை மாறிவிட்டது. தலையணை கிடந்தாலும் கதவைத் திறந்து, உள்ளே பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடவேணும். வெளியே வந்தபிறகும் கையைக் காட்டினால் போதாது, வாயால் கேட்கவேணும், வாயால் மறுமொழி வரவேணும். கதைக்க ஏலாதவர்கள் எங்கள் கையை அமத்தவேணும். இராசன் அண்ணையும் அதற்குப் பிறகு என்னைப் பகிடி பண்ணினதில்லை. மெசினில் பஞ்சு எடுக்காமல் ஒரு துணியும் போடமாட்டார். புதுக் கட்டடத்தில் லைற் வரட்டும், நல்லதுதான். லைற்றும் ஒரு தலையணை மாதிரித்தானே என்று எனக்குப் படுகிறது.

அதனால்தான் இரவில் உங்கள் கதவுகளைச் சாத்திக்கொண்டு படுக்கச் சொல்கிறேன். புகை வந்தால் அது உங்களைக் கொஞ்ச நேரம் காப்பாற்றும். அதனால்தான் காலமை வந்து தட்டுகிறேன். சாத்தின கதவு உள்ளே இருக்கிறவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கபிலன், நீ நித்திரைக் கோபத்தில் "ஐம் ஹியர் அப்பா, ஓகே?" என்று கத்துவாய். அதைக் கேட்டபிறகுதான் நான் கீழே போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கிறது. தர்ஷினி, நீ ஒன்றும் சொல்லாமல் சுவரில் ஒரு தட்டுத் தட்டுவாய். அதுவும் போதும்.

நக்கலடியுங்கோ, எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒருநாள் காலமை நான் வந்து தட்டாவிட்டால், நீங்கள் வந்து என்ரை கதவைத் தட்டுங்கோ. ஒருதரம் தட்டிவிட்டு அப்பா நித்திரை என்று போகாதேங்கோ. மறுமொழி வரும்வரைக்கும் கூப்பிடுங்கோ.